இடது முழங்கை வைத்த இடம்

கடிகாரக்காரர்: ஆ! என்ன டாக்டர், சொல்லாம கொள்ளாம அடிக்கிறீங்க?

டாக்டர்: சொல்லிட்டுத்தானே ஐயா குடுத்தேன். சின்ன ஷாக்குதான்.

கடிகாரக்காரர்: சொன்னது உங்க வாய், குடுத்தது உங்க கை. ரெண்டுக்கும் நடுவுல மனுஷன் மூச்சு விட இடம் வேணாமா?

மனைவி: என்னங்க… சுண்டுவிரல் துள்ளிச்சு! டாக்டர் தம்பி, அதை இன்னொரு தடவை குடுங்க. பார்க்க நல்லா இருக்கு.

கடிகாரக்காரர்: ஏன், டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கியா?

மனைவி: அந்த விரல் ஒழுங்கா அசைஞ்சு எவ்வளவு நாளாச்சு! வீட்டுல அது செத்த பல்லி மாதிரி சுருண்டுல்ல கிடக்கு.

டாக்டர்: ஐயா, கையை இப்படித் திருப்புங்க. உங்க இடது கைக்கு இன்னைக்கு ரெண்டு சோதனை. முதல்ல நரம்பு மேல மின்சாரம் தட்டி, செய்தி விரல் வரைக்கும் எவ்வளவு வேகமா போகுதுன்னு பார்ப்பேன். அப்புறம் சதைக்குள்ள ஒரு மெல்லிசான ஊசி. அது சதை பேசறதை இந்த ஸ்பீக்கர்ல கேட்க வைக்கும்.

கடிகாரக்காரர்: சதை பேசுமா?

மனைவி: பேசட்டும். அவர்கிட்ட ஏதாவது ஒண்ணு பேசினா சரி. நான் மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனா இவர் பேசற மொத்தப் பேச்சும் "வெச்சுட்டுப் போ." அவ்வளவுதான் டாக்டர். தலையைக்கூடத் தூக்க மாட்டாரு.

கடிகாரக்காரர்: கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு எறும்போட பல்லைவிடச் சின்ன சக்கரத்தைப் பிடிச்சிருக்கேன். தலையைத் தூக்கினா சக்கரம் போயிடும்.

மனைவி: நான் போனா பரவாயில்லை.

டாக்டர்: அம்மா… கை மெலிஞ்சிருக்குன்னு முதல்ல யார் பார்த்தது?

மனைவி: நான்தான். இங்க பாருங்க… கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, புறங்கையில, பள்ளம்.

கடிகாரக்காரர்: பள்ளம்னு சொல்லாதே. கொஞ்சம் உள்ள போயிருக்கு.

மனைவி: மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கும் டாக்டர்.

கடிகாரக்காரர்: வயசானா எல்லாருக்கும்…

மனைவி: வயசு இடது கைக்கு மட்டுமா வரும்? அன்னைக்கு ஒருத்தரோட கைக்கடிகாரம் இவர் கையில இருந்து கீழ விழுந்துச்சு. இவர் கையில இருந்து கடிகாரம் விழுந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டா என்ன சொன்னாரு தெரியுமா?

கடிகாரக்காரர்: அது விழலை டாக்டர். குதிச்சுது. அந்த ரகம் குதிக்கும். உள்ள ஸ்பிரிங் ஜாஸ்தி. ஒருதடவை ஒரு மேஜைக் கடிகாரம் என் கடையில இருந்து படியிறங்கி…

டாக்டர்: ஐயா.

கடிகாரக்காரர்: சரி. குதிக்கலை.

டாக்டர்: மருந்து ஏதாவது போட்டீங்களா?

கடிகாரக்காரர்: எண்ணெய் விட்டேன்.

டாக்டர்: என்ன எண்ணெய்?

கடிகாரக்காரர்: கடிகாரத்துக்கு விடறதுதான். ஒவ்வொரு விரல் மூட்டுக்கும் ஒரு சொட்டு. உயர்ந்த சரக்கு டாக்டர், அழுக்குச் சேராது.

மனைவி: சிரிக்காதீங்க டாக்டர் தம்பி. படுக்கை விரிப்பெல்லாம் போச்சு.

கடிகாரக்காரர்: நீ ஏன் அவரை "தம்பி, தம்பி"ங்கறே? வந்து கால் மணி நேரம் ஆகலை.

மனைவி: அதுக்கு என்ன? கை பஞ்சு மாதிரி இருக்கு அவருக்கு. எவ்வளவு பதமா பிடிக்கிறாரு!

கடிகாரக்காரர்: ஷாக் குடுக்கறவர் பதமா பிடிக்காம…

டாக்டர்: இப்ப மணிக்கட்டுல தட்டறேன். சொல்லிட்டேன். மூச்சு விட்டுக்கோங்க… ம். நல்லா வருது. இப்ப முழங்கைக்குக் கீழ… வருது.

மனைவி: டாக்டர்… நான் ஒண்ணு கேட்கணும். இவர் கேட்க மாட்டாரு, அதனால நான் கேட்கறேன். இவரோட பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு கை இளைச்சுது. அப்புறம் அடுத்த கை. அப்புறம் கால்… அப்புறம் நாக்கு. தண்ணியை விழுங்க முடியலை. கடைசியில மூச்சு…

கடிகாரக்காரர்: அவரை ஏன் இங்க இழுக்கறே?

மனைவி: நான் இழுக்கலை. ராத்திரி நீங்க கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கறீங்களே, அவர்தான் இழுக்கறாரு.

கடிகாரக்காரர்: … நீ தூங்கறேன்னு நினைச்சேன்.

டாக்டர்: அந்த நோயா இல்லையான்னு பார்க்கத்தான் ஐயா இந்தச் சோதனை. எதையும் இப்பவே முடிவு பண்ணாதீங்க. கையை மடக்குங்க. முழங்கைக்கு மேல தட்டறேன்… ம்.

மனைவி: என்ன "ம்"?

டாக்டர்: இன்னொரு தடவை… ம்ம்.

கடிகாரக்காரர்: டாக்டர், வாட்சை வாங்கித் திறந்து பார்த்துட்டு நானும் "ம்ம்"னுதான் சொல்லுவேன். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

டாக்டர்: பயப்படாதீங்க. டேப்பால கொஞ்சம் அளந்துக்கறேன்.

மனைவி: சட்டை தைக்கப் போறீங்களா? அப்படியே முழங்கைக்குத் தோல் வெச்சுத் தெச்சுடுங்க. இவர் எந்தச் சட்டை போட்டாலும் இடது முழங்கை மட்டும் கிழியுது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு.

டாக்டர்: இடது மட்டுமா?

மனைவி: இடது மட்டும்தான்.

கடிகாரக்காரர்: துணி மட்டமான துணி.

டாக்டர்: ஐயா, இந்தப் பக்கம் வர்ற நரம்பு முழங்கையோட உள்பக்கம், எலும்புக்குப் பின்னாடி ஒரு சின்ன பள்ளத்துல ஓடுது. எங்கயாவது இடிச்சுக்கிட்டா சுண்டுவிரல் வரைக்கும் மின்னல் வெட்டுமே, அந்த இடம். உங்களுக்குக் கீழ எல்லாம் செய்தி ஒழுங்கா ஓடுது. அந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் நொண்டுது. பாதிச் செய்தி வந்து சேரவே இல்லை.

கடிகாரக்காரர்: அப்ப சக்கரம் நல்லா இருக்கு. நடுவுல எங்கயோ நசுங்கியிருக்கு.

டாக்டர்: அப்படித்தான் தோணுது. ஆனா ஊசி போட்டுப் பார்த்துத்தான் பெரியப்பாவை வெளிய அனுப்ப முடியும். இப்ப புறங்கைப் பள்ளத்துல குத்தறேன். கையைத் தளர்த்திப் போடுங்க. சும்மா இருக்கற நல்ல சதை வாயே திறக்காது.

மெஷின்: டிக்… டிக்… டிக்… டிக்…

கடிகாரக்காரர்: யாரோட கடிகாரம் இது? அருமையான ஓட்டம்.

டாக்டர்: உங்க சதை ஐயா.

கடிகாரக்காரர்: சதையா! ஒரு தட்டு முன்ன பின்ன இல்லையே… என்ன சீரு!

டாக்டர்: அதுதான் கெடுதல். நரம்போட செய்தி கிடைக்காத சதை நார் தனியா கிடந்து துடிக்குது.

கடிகாரக்காரர்: சீரா ஓடறது கெடுதலா? என் தொழிலுக்கே அவமானம்.

மனைவி: கேட்க பாவமா இருக்கு. யாரும் பேசாததால தனியா பேசிக்குது. நம்ம எதிர்க்கடைச் சாவிக்காரர்கிட்டகூடச் சொன்னேன், இந்த ஊசியில…

மெஷின்: கர்ர்ர்ர்ர்ர்ர்!

மனைவி: ஐயோ, என்ன இது!

டாக்டர்: ஐயா, கையை இறுக்காதீங்க.

கடிகாரக்காரர்: இறுக்கலையே.

டாக்டர்: தளர்த்துங்க… ம். இப்ப சரி.

மெஷின்: டிக்… டிக்… டிக்…

டாக்டர்: யார் அம்மா சாவிக்காரர்?

மனைவி: இவர் கடை மாடியில இருக்கு. எதிர்ப்பக்கம் கீழ ஒருத்தர் சாவி வெட்டறாரு. ரொம்ப நல்ல மனுஷர்.

மெஷின்: கர்ர்ர்ர்!

டாக்டர்: ஐயா!

கடிகாரக்காரர்: உங்க மெஷின்ல கோளாறு. வயரைப் பாருங்க.

டாக்டர்: அம்மா, கொஞ்சம் வேற ஏதாவது பேசுங்க. மழை… காய்கறி…

மனைவி: காய்கறியா? நேத்து பை அறுந்துபோய் தக்காளி எல்லாம் ரோட்டுல உருண்டுச்சு. யார் ஓடி வந்து பொறுக்கிக் குடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?

மெஷின்: கர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

டாக்டர்: அம்மா இன்னும் பேரையே சொல்லலை ஐயா.

கடிகாரக்காரர்: சொல்லவா வேணும்? ரோட்டுல எது உருண்டாலும் முதல்ல ஓடறது அவன்தான். உருளைக்கிழங்கு, தக்காளி, சில்லறை… தலைமுடிக்குச் சாயம் பூசிக்கிட்டு ஓடுவான். வெயில்ல அந்தச் சாயம் காது மேல வடியும்.

மனைவி: இவ்வளவு கிட்டக்க எப்பப் பார்த்தீங்க?

கடிகாரக்காரர்: … கேள்விப்பட்டேன்.

டாக்டர்: ஒரு விதத்துல நல்லதுதான். இறுக்கும்போது வர்ற சத்தத்தையும் நான் கேட்கணும். கேட்டாச்சு. வேலை செய்யற சதை நார் குறைச்சல், ஆனா இருக்கறது ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் சத்தம் போடுது. நரம்பு முழுசா சாகலை. இப்ப கட்டைவிரலுக்கு அடியில இருக்கற சதை. இதுக்கு வேற நரம்பு.

மெஷின்: …

டாக்டர்: அமைதி. அருமை. கால்ல ஒண்ணு…

மெஷின்: …

டாக்டர்: அதுவும் அமைதி. வலது கை… நாக்குக்கு அடியில ஒண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க…

மெஷின்: …

மனைவி: ஏன் எதுவும் கேட்கலை? ஏன் டாக்டர் சும்மா இருக்கு?

டாக்டர்: சும்மா இருக்கணும் அம்மா. எல்லா இடத்துலயும் சும்மா இருக்கு. அவரோட பெரியப்பாவுக்கு வந்த நோய் இது இல்லை. ஒரே ஒரு நரம்பு, ஒரே ஒரு இடத்துல நசுங்கியிருக்கு.

கடிகாரக்காரர்: இல்லையா?

டாக்டர்: இல்லை.

கடிகாரக்காரர்: நிஜமா?

டாக்டர்: நிஜமா.

கடிகாரக்காரர்: … ஏய், என்ன நீ, அழறியா?

மனைவி: இல்லையே. ஏசி காத்து கண்ணுல படுது.

கடிகாரக்காரர்: டாக்டர், அந்த ஊசியை இவளுக்கு ஒரு தடவை போடுங்க. அப்பத் தெரியும்.

டாக்டர்: இருங்க, இன்னும் முடியலை. புறங்கைப் பள்ளத்துல இன்னொரு கோணம் பாக்கி. குத்திட்டேன், ஆட்டாதீங்க. இப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இந்த இடது முழங்கையை எங்க ஊன்றீங்க?

மெஷின்: டிக்… டிக்… டிக்…

கடிகாரக்காரர்: எங்கயும் ஊன்றதில்லையே.

டாக்டர்: கடை மேஜையில?

கடிகாரக்காரர்: ஆங், மேஜைதான்! அங்கதான் ஊன்றேன்.

டாக்டர்: வேலை செய்யும்போது ரெண்டு முழங்கையும் ஊன்றுவீங்க. வலது சுத்தமா இருக்கே.

கடிகாரக்காரர்: அப்ப… பஸ். பஸ் ஜன்னல்.

மனைவி: வீட்டுக்கும் கடைக்கும் நடந்துதானே போறீங்க?

கடிகாரக்காரர்: நினைப்புல போவேன்.

டாக்டர்: ஐயா, விளையாடாதீங்க. எங்க ஊன்றீங்கன்னு தெரிஞ்சா, அதை நிறுத்தலாம். நிறுத்தினா இந்தக் கை கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வர வாய்ப்பு இருக்கு. தெரியலைன்னா முழங்கையைக் கீறி நரம்பை இடம் மாத்தற ஆபரேஷனுக்கு அனுப்பணும். அதைப் பண்ணிட்டும் நீங்க பழைய இடத்துலயே போய் ஊன்றினீங்கன்னா, அதுவும் வீண். அப்புறம் கடிகாரம் பிடிக்கிற கை இருக்காது.

கடிகாரக்காரர்: … பிடிக்கவே முடியாதா?

டாக்டர்: வலது கை சக்கரத்தை எடுக்கற சாமணத்தைப் பிடிக்கும். கடிகாரத்தை யார் பிடிப்பாங்க?

மனைவி: ஜன்னல் டாக்டர்.

கடிகாரக்காரர்: நீ சும்மா இரு.

மனைவி: கடை மாடி ஜன்னல். விளிம்புல கல்லு பதிச்சிருக்கு. மத்த இடமெல்லாம் சொரசொரன்னு தூசி. ஒரே ஒரு இடம் மட்டும் வழவழன்னு தேய்ஞ்சு பளபளக்குது. அங்க உட்கார்ந்து, கன்னத்துல இடது கையைக் குடுத்து, முழங்கையைக் கல்லுல ஊன்றது.

டாக்டர்: மடக்கின முழங்கை, கீழ கல்லு, மேல தலையோட பாரம். நரம்பு நசுங்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வலது கை அப்ப என்ன பண்ணும்?

கடிகாரக்காரர்: சும்மா இருக்கும்.

மனைவி: திரையைக் கொஞ்சூண்டு விலக்கிப் பிடிச்சிருக்கும். திரையில அந்த ஓரம் மட்டும் விரல் அழுக்கு.

டாக்டர்: எதைப் பார்க்கறீங்க ஐயா?

கடிகாரக்காரர்: காத்து வாங்குவேன்.

மனைவி: திரையை மூடிக்கிட்டா? எனக்குத் தெரியும் டாக்டர். எதிர் மாடியில பாட்டு டீச்சர் வீடு. சாயங்காலமானா ஆர்மோனியப் பெட்டியை வெச்சுக்கிட்டு ஜன்னலோரம் உட்காருவாங்க. லட்சணமான பொம்பளை.

மெஷின்: டிக்… டிக்… டிக்…

மனைவி: சொல்லுங்க. அவங்களைத்தானே பார்க்கறீங்க? கட்டினவ சாப்பாடு கொண்டு வந்தா "வெச்சுட்டுப் போ." பாட்டு டீச்சருக்குக் கல்லுல முழங்கையைத் தேய்ச்சு நரம்பைக் குடுக்கறது.

கடிகாரக்காரர்: ஆமா.

மனைவி: என்ன ஆமா?

கடிகாரக்காரர்: ஆமா, பாட்டு டீச்சர்தான். நேத்துகூடப் பார்த்தேன். ஆர்மோனியத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. எழுதிக்கோங்க டாக்டர். ஜன்னல் நிறுத்தியாச்சு. ஊசியை எடுங்க.

டாக்டர்: ஐயா… தக்காளிக்கே கத்தின மெஷின் இப்ப வாயே திறக்கலையே.

மனைவி: எப்படித் திறக்கும்? பாட்டு டீச்சர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஜன்னல்ல இப்பச் சாக்குதான் தொங்குது. நேத்து சாக்கா ஆர்மோனியம் துடைச்சுது?

டாக்டர்: அப்ப கீழ யாரைப் பார்த்தீங்க?

மெஷின்: கர்ர்ர்ர்…

கடிகாரக்காரர்: அதை அணைங்க டாக்டர்.

டாக்டர்: நீங்க கையைத் தளர்த்தினா தானா அடங்கும்.

கடிகாரக்காரர்: எப்படித் தளர்த்தறது? தினமும் மத்தியானம்! சாப்பாட்டை வெச்சுட்டு இறங்கிப் போறா. ரோட்டைத் தாண்டறா. நேரா அவன் கடை வாசல்! ஒரு ஸ்டூலை எடுத்துத் துண்டால தட்டிப் போடறான். என் கடையில ஸ்டூலே கிடையாதா? எங்க வீட்டுல இருக்கறது ரெண்டு பூட்டு டாக்டர். சாவி ஒரு சட்டி நிறைய கிடக்கு. எந்தப் பூட்டுக்கு அத்தனை சாவி? உலகத்துல இல்லாத பூட்டுக்கெல்லாம் சாவி வெட்டியாச்சு!

மெஷின்: கர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

கடிகாரக்காரர்: மாடியில இருந்து பேச்சுக் கேட்காது. சிரிக்கிறது மட்டும் தெரியும். வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்க… அந்தச் சிரிப்பை நான் என் கடையில பார்த்ததே இல்லை. அவன் காதுகிட்டக் குனிஞ்சு ஏதோ சொல்லுவா. அவன் தலையை ஆட்டுவான். என்ன சொன்னா, என்ன சொன்னான்னு ராத்திரி பூரா ஓடும். கடிகாரத்தைப் பிரிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியும். இதை எங்கே பிரிச்சுப் பார்க்கறது?

மனைவி: கேட்டிருக்கலாமே.

கடிகாரக்காரர்: கேட்டா? "இந்த வயசுல பொறாமையா"ன்னு நீ சிரிப்பே. அவன்கிட்டயும் போய்ச் சொல்லுவே. ரெண்டு பேரும் சிரிப்பீங்க. அதுக்கு, பாட்டு டீச்சரைப் பார்த்த பொறுக்கின்னு பேர் வாங்கிக்கலாம்னுதான்…

டாக்டர்: அதுக்காக ஒரு கையையே குடுக்கத் துணிஞ்சீங்களா?

கடிகாரக்காரர்: குடுக்கணும்னா குடுத்தேன்? பார்த்தேன் டாக்டர். பார்க்காம இருக்க முடியலை. கை மரத்துப்போறது தெரியும். உதறிட்டு மறுபடி ஊன்றுவேன்.

மெஷின்: கர்ர்… கர்… டிக்… டிக்…

டாக்டர்: ஊசியை எடுத்தாச்சு. பஞ்சை அழுத்திப் பிடிங்க. ஜன்னல் இனிமே கூடாது. ராத்திரி முழங்கை மடங்காம ஒரு துண்டைச் சுத்திக் கட்டிக்கோங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஊசி போட்டுப் பார்ப்போம். ஆபரேஷனை அப்பப் பேசிக்கலாம்.

கடிகாரக்காரர்: ஜன்னல்ல உட்காராம நான் எப்படி… இவ மத்தியானம் இறங்கிப் போவாளே.

டாக்டர்: அம்மா, மருந்துச் சீட்டுல எழுத முடியாத ஒரு கேள்வி. நீங்க ஏன் அங்க போறீங்க? அப்படி என்னதான் சாவிக்காரர்கிட்ட பேசுவீங்க?

மனைவி: அவர்கிட்ட என்னத்தைப் பேசறது டாக்டர் தம்பி? சாவி அறுக்கற சத்தத்துல அவருக்குக் காது போய் ரொம்ப நாளாச்சு. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவாரு. நான் அரிசி விலை சொல்லுவேன், மேகத்தைப் பத்திச் சொல்லுவேன், சொல்லிட்டு நானே சிரிச்சுக்குவேன். முடியை வெட்டிக்கிட்டு வந்து இவர் மேஜை முன்னாடி நின்னேன், "வெச்சுட்டுப் போ." புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து நின்னேன், "வெச்சுட்டுப் போ." ஒருநாள் நிஜமாவே ஒரு சாவி தொலைஞ்சுபோய் அங்க போனேன். நிமிர்ந்தா, மாடியில திரை அசையுது. லென்ஸ் இல்லாத ரெண்டு கண்ணும் என்னையே பார்க்குது. அதுக்கப்புறம்தான் சட்டி நிறைய சாவி. அந்தக் கல்லுதான் இவர் கையைத் தின்னுதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு டாக்டர்… தெரிஞ்சிருந்தா, திரைக்குப் பின்னாடி ஒரு தலையணை வெச்சிருப்பேன்.